ஊசிக்கோபுரம்: பயனும் பொருளும்

தேவாலயத்தின் ஊசிக்கோபுரம் விண்ணை நோக்கிய மனித உள்ளத்தின் குறியீடு என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கமாகும். மணியோசை தொலைவிலுள்ளோர்க்கும் எட்டவே அது உயர்த்தப்பட்டது என்பது மற்றொரு விளக்கம். முன்னது பொருளையும் பின்னது பயனையும் முதன்மைப்படுத்துகின்றன. இவ்விரண்டும் எக்காலத்தும் இணைந்தே இருந்தன எனக் கொள்வது பொருந்தாது. கோபுரம் எங்கு நிற்கிறது, அதன் சுமையை எது தாங்குகிறது என்னும் வினாக்களே அதன் பொருளைத் தெளிவாக்குகின்றன.

இங்கிலாந்தின் சால்ஸ்பரி பேராலயம் 1220இல் தொடங்கப்பெற்று, அதன் முதன்மைக் கட்டடம் 1258இல் நிறைவுற்றது. நெடுங்கூடமும் குறுக்குக்கூடமும் சந்திக்கும் நடுவிடத்தின் மேல், 123 மீட்டர் உயரமுள்ள ஊசிக்கோபுரம் 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பப்பட்டது. ஆனால் பேராலயத்தின் மணிகள் வளாகத்தில் தனித்து நின்ற மணிக்கூண்டிலேயே தொங்கின. எனவே இவ்வுயரத்திற்கு மணி காரணம் அன்று. இத்துணைச் சுமைக்கென அமைக்கப்படாத தூண்கள் வளைந்தன. 1668இல் ஆய்ந்த கிறிஸ்டோபர் ரென் கோபுரம் சாய்ந்திருப்பதைக் கண்டறிந்தார். பொருளுக்காகக் கட்டடம் கொடுத்த விலை இது எனலாம்.

லண்டன் செயின்ட் மார்ட்டின்-இன்-த-ஃபீல்ட்ஸ் ஆலயத்தில் (1726) ஜேம்ஸ் கிப்ஸ் வேறு வழியை மேற்கொண்டார். தூண்கள் நிரைத்த முகமண்டபத்தின் பின்னே, நுழைவாயிலின் மேல் கோபுரம் எழுகிறது. மணிகளும் கடிகாரமும் அதிலேயே உள்ளன. செவ்வியல் முகப்பின் பின்னிருந்து கூர்முனை எழுவது முரணாகத் தோன்றும் என்னும் குறை கூறப்பட்டதுண்டு. எனினும் 1728இல் வெளிவந்த கிப்ஸின் நூல்வழி இவ்வமைப்பு கடல்கடந்து பரவியது. சென்னை எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயம் அதன் வழிவந்ததே. அங்கு நெகிழ்மண்ணில் செங்கற் கிணறுகளை இறக்கி அடித்தளம் இடப்பட்டது. சால்ஸ்பரியில் பின்னர் எழுந்த சுமைச்சிக்கல் இங்கு முன்னரே எண்ணப்பட்டது.

பாளையங்கோட்டைத் தூய திரித்துவப் பேராலயம் 'ஊசிக்கோபுரம்' என்றே மக்களால் வழங்கப்பெறுகிறது. தமிழ்க் கோயில்மரபில் கருவறைமேல் அமைவது விமானம். வாயில்மேல் அமைவது கோபுரம். இவ்வேறுபாட்டின்படி நோக்கின், வாயில்மேல் நிற்கும் கிப்ஸின் அமைப்பிற்குக் 'கோபுரம்' என்னும் சொல் பொருந்துகிறது. ஆலயத்தின் நடுவே எழும் சால்ஸ்பரி அமைப்பிற்கு அத்துணைப் பொருந்தவில்லை. ஒரே சொல் இருவேறு அமைப்புகளைக் குறிப்பதால், வானை நோக்கும் வடிவம் மட்டுமே கருத்தில் நின்று, இடமும் சுமையும் மறைந்துவிடுகின்றன. ஊசிக்கோபுரத்தை முனையிலிருந்து அன்றி அடியிலிருந்து வாசிப்பதே தக்க திறனாய்வாகும்.