ஆமாம் போடுபவரும் கைதட்டுபவர்களும்

வவுனியாவிலிருந்து மன்னார் வீதியால் போனால் வருகின்ற ஊர் நெளுக்குளம். அண்மையில் அங்கு ஒரு கலை நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். நூல் வெளியீடோ ஆய்வரங்கோ அல்ல. ஊரவர்களே மேடையேறி, ஊரவர்களே பார்த்துவிட்டுக் கலைந்து போகின்ற ஒரு மாலை. புத்தளத்திலிருந்து அநுராதபுரம் வழியாக பஸ் மாறி மாறி வந்தது இலக்கிய ஆர்வத்தினால் அல்ல. என் நானா றபான் அடிக்கிறார், அவருடைய மகன் வில்லுப்பாட்டில் இருக்கிறான், மகள் பாடுகிறாள். வராமல் விட்டால் மதினி ஆயுளுக்கும் சொல்லிக்காட்டுவார்.

இத்தகைய மேடைகளைப் பற்றி நமது சஞ்சிகைகளில் எவரும் எழுதுவதில்லை. எழுதினாலும் அது செய்தியாகவே இருக்கும்: யார் தலைமை தாங்கினார், யாருக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது என்பதோடு முடிந்துவிடும். ஆடியவர்கள் எப்படி ஆடினார்கள், பாடியவர்கள் எப்படிப் பாடினார்கள் என்று ஒரு வரி இருக்காது. சொந்தக்காரப் பிள்ளைகளை விமர்சிப்பதா என்ற கூச்சம்தான் காரணம். எனக்கும் அது உண்டு.

விருந்தினர் உரைகள் ஒன்றேகால் மணி நேரம் நடந்தன. அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் வில்லுப்பாட்டு. பொருள் டெங்கு ஒழிப்பு. தென் தமிழகத்துக் கோயில் கொடைகளில் வளர்ந்த இக்கலையைச் சமூகச் செய்திகளுக்கு இழுத்து வந்தவர்களில் என். எஸ். கிருஷ்ணனும் கொத்தமங்கலம் சுப்புவும் முக்கியமானவர்கள். நமது நாட்டில் சின்னமணி அதனை மக்கள் மத்தியில் நிலைநிறுத்தினார். எனவே டெங்குவைப் பாடியதில் எனக்குக் குறை இல்லை. குறை வேறு இடத்தில். நானாவின் மகன்தான் ஆமாம் போடுபவன். அவன் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டி ஆமாம் ஆமாம் என்றான். அதற்கு மேல் எதுவுமில்லை. ஆமாம் போடுபவரின் வேலை ஆமோதிப்பது மட்டும்தானா? சபையில் இருப்பவனுக்கு எழுகின்ற சந்தேகத்தை அவனுக்கு முன்பாகவே கேட்டுவிடுவதும், கதைசொல்லியை இடைமறிப்பதும், மடக்குவதும் அவருடைய வேலை. அந்த இடைமறிப்பில்தான் வில்லுப்பாட்டின் உயிர் இருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் அதை எழுதவில்லை, பழக்கியவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பையனைக் குற்றம் சொல்ல முடியாது.

அடுத்து மகள். பெண்பிள்ளை மேடையில் பாடலாமா என்று பக்கத்துக் கதிரைக்காரர்கள் இருவர் என்னிடம் கேட்டார்கள். அவள் எப்படிப் பாடுகிறாள் என்பதுதான் எனது கேள்வி, அதை எவரும் கேட்கவில்லை. பாடியது நாகூர் ஹனிபாவின் பாடல். 1925இல் பிறந்து 2015இல் மறைந்த அந்த மனிதர் ஒலிவாங்கி இல்லாமலே கூட்டத்தைக் கட்டிப்போடும் குரல் படைத்தவர். கராஓக்கே இசையோ அவருடைய சுருதியிலேயே இருந்தது. பதினைந்து வயதுப் பெண்ணின் குரலுக்கு அது எப்படிப் பொருந்தும்? பல்லவியில் குரல் அடியில் புதைந்து காற்றாகிப் போனது. சரணத்தில் எட்டுக்கட்டை ஏறப்போய் உடைந்தது. நடுவில் ஒரு வரி மறந்துவிட்டது. இயந்திரம் நிற்கவில்லை. அது எவருக்காகவும் நிற்காது. ஒலிவாங்கியைப் பிடித்தபடி பிள்ளை தடுமாறி நின்றாள். மண்டபம் கைதட்டியது, நானும் தட்டினேன். வீட்டில் மதினியோடு சமையலறையில் அவள் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். நல்ல குரல். அந்தக் குரல் அன்று மேடைக்கு வரவேயில்லை.

மூன்றாவது நானா. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எங்கள் குடும்பம் முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணீரூற்றிலிருந்து புத்தளம் போய்ச் சேர்ந்தது. பழைய றபான் ஊரோடு போய்விட்டது. இப்போது இருப்பது புத்தளத்தில் வாங்கியது. பக்கீர் பைத்தின் மெட்டில் பாடினார். குரல் கரகரத்துவிட்டது, இரண்டு இடங்களில் வேகம் கூடிவிட்டது. சொன்ன சங்கதிகள் எல்லாம் நாற்பது வருடங்களாகச் சொல்பவைதான். புதிதாக ஒரு வரி கட்டியிருக்கலாம். ஆயினும் முன்வரிசையில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதபோது, அடியை நிறுத்தாமலே அந்தக் குழந்தையைச் சேர்த்து இரண்டு சொல் பாடி, அது விழித்துப் பார்த்த கணத்தில் மறுபடி பாட்டுக்குள் இறங்கினார். இயந்திரம் செய்யாத வேலை அது.

அப்போதுதான் எனக்கு முன்னால் இருந்த வயதான அம்மா ஒருவர் திரும்பி, "தம்பி, எங்கட ஊரிலையும் நோன்பு காலத்தில விடியப்புறம் இப்பிடித்தான் அடிச்சுப் பாடிக்கொண்டு போவினம்" என்றார். எந்த ஊர் என்று கேட்டேன். முள்ளியவளை. எங்கள் தண்ணீரூற்றுக்கு அடுத்த ஊர். 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர், முகாமில் இருந்து, இப்போது மகளோடு இந்தப் பக்கத்தில் இருக்கிறார். சஹருக்கு எழுப்ப வந்த பக்கீர்களின் பாட்டு நோன்பு பிடிக்காத அவருடைய தூக்கத்தையும் கலைத்திருக்கிறது. அவர் அதை முறைப்பாடாகச் சொல்லவில்லை. பிறகு எப்போது அந்தச் சத்தம் நின்றது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இருவருக்கும் தெரியும்.

நான் சொல்ல வருவது நமது மரபைப் பற்றியது. ஆயிரம் மசலா 1572இல் மதுரையில் அரங்கேறியதென்று நாம் பெருமையோடு எழுதுகிறோம். மசலா என்றாலே கேள்விதான். கேள்வியும் விடையுமாகவே முழுமையாகக் கிடைத்துள்ள நமது முதல் நூல் அமைந்திருக்கிறது. நூறு மசலாவிலோ ஓர் அரசகுமாரி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அரங்கேற்றம் என்பதும் சபை கேட்க, புலவன் பதில் சொல்கின்ற முறைதான். இன்று நமது வெளியீட்டு விழாக்களில் முதற்பிரதி பெறுபவர் இருக்கிறார், சிறப்புப்பிரதி பெறுபவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், கேட்பவர் எவரும் இல்லை. நெளுக்குளத்து மண்டபத்திலாவது கைதட்டியவர்கள் தாய், தகப்பன், மாமிமார். பிள்ளை வெட்கப்படக் கூடாதென்று தட்டினார்கள். நாம் ஒருவரது கவிதைத் தொகுதிக்கு ஒருவர் முன்னுரை எழுதுவது எந்த உறவின் பெயரால்? நானும் எழுதியிருக்கிறேன். மூன்று தொகுதிகளுக்கு. அவற்றில் ஒன்றை முழுவதும் வாசிக்கவில்லை.

இரவு வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: "சாச்சா, எப்படி இருந்துச்சு?" நல்லா இருந்துச்சு மகள் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். நித்திரை வரவில்லை. காலையில் தேநீர் குடிக்கும்போது சுருதியைப் பற்றிச் சொன்னேன். உன் குரலுக்கு அந்த இசை பொருந்தவில்லை, அடுத்த முறை அதை விட்டுவிட்டு வாப்பாவின் றபானோடு பாடு, மறந்தால் அவர் உனக்காக நிற்பார் என்றேன். மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிள்ளை கோப்பையைக் கீழே வைத்தாள். கோபிக்கவில்லை.

"அப்ப ஏன் சாச்சா நீங்களும் கைதட்டினீங்க?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன்.