எலி முதுகில் இருந்தது யாருடைய காது?

திசுப் பொறியியல் பற்றி எதைத் தேடினாலும் அந்தப் படம் வந்து நிற்கும். ரோமம் இல்லாத ஒரு எலி, அதன் முதுகில் மனுஷக் காது. யீலின் காவோ, சார்லஸ் வகாண்டி முதலியோர் 1997-இல் வெளியிட்ட ஆய்வு அது. 1999-இல் ஓர் அமைப்பு இந்தப் படத்தை நியூயார்க் டைம்ஸில் விளம்பரமாகவே போட்டு, மரபணு மாற்றப்பட்ட எலி என்று சொன்னது. அது தப்பு. காதுக்காக யாரும் எந்த மரபணுவையும் தொடவில்லை.

சொல்லப்போனால் அது மனுஷக் காதும் இல்லை. மூன்று வயதுக் குழந்தையின் காதை அச்செடுத்து, பாலிகிளைகோலிக் அமில இழைகளால் ஒரு சாரம் செய்து, பாலிலாக்டிக் அமிலக் கரைசலில் நனைத்து வடிவத்தை நிறுத்தினார்கள். அதில் விதைத்தது மாட்டின் மூட்டுக் குருத்தெலும்புச் செல்கள். மனுஷனுடையது அந்த வடிவம் மட்டும்தான். கட்டுரையின் தலைப்பும் 'மனிதக் காதின் வடிவில்' என்று ஒழுங்காகத்தான் சொல்கிறது. படம்தான் அதற்கு மேல் பேசிவிட்டது.

என் விமர்சனம் படத்தோடு நிற்கவில்லை. வீடு கட்டி முடித்ததும் கொத்தனார் சாரத்தைப் பிரித்துவிடுவார். உடம்புக்குள் அதைப் பிரிக்க ஆள் கிடையாது. சாரம் தானாகவே நீரில் சிதைந்து போகணும். பாலிகிளைகோலிக் அமிலம் ஆபரேஷனில் போடும் கரையும் தையலுக்கான பொருள்தான். சில வாரங்களிலேயே வலு இழந்துவிடும். சிதையும்போது அமிலம் வெளிவரும், அழற்சி கிளம்பும். ஆனால் அந்த எலிக்குத் தைமஸ் சுரப்பி இல்லை, அதனால் டி செல்களும் இல்லை. அந்நியச் செல்லைப் பார்த்து 'நீ யார்?' என்று கேட்காத உடம்பு அது. நோய் எதிர்ப்பு முழுசாக உள்ள விலங்குகளில் இதே இழைகள் அழற்சியைத் தூண்டி, குருத்தெலும்பு வளர்வதையே கெடுக்கும் என்று பிறகு தெரியவந்தது. ஆக, 1997 ஆய்வு சுலபமான கேள்விக்குத்தான் பதில் சொன்னது.

இன்னொன்று. முதல் 4 வாரம் வெளியே ஒரு தாங்கி வைத்துத்தான் வடிவத்தைக் காப்பாற்றினார்கள். 12 வாரத்தில் எடுத்துச் சோதித்தார்கள். ஒரு குழந்தைக்குக் காது வாழ்நாள் முழுக்க நிற்கணும், இல்லையா?

அதே காவோவின் பெயர் உள்ள சீன ஆய்வு 2018-இல் வந்தது. காது சரியாக வளராமல் பிறந்த 5 குழந்தைகள். இந்த முறை அவரவர் செல்கள். சாரத்தின் நடுவில் மெதுவாகச் சிதையும் பாலிகேப்ரோலாக்டோன், அதைச் சுற்றிப் பழைய இழைகள். செல்களை முதலில் ஆய்வகத்திலேயே வளர்த்துவிட்டுப் பிறகுதான் உடம்பில் வைத்தார்கள். முதல் குழந்தையைப் பார்த்து வந்தது இரண்டரை வருஷம். இந்தப் பொருள் முழுசாகக் கரையவே அதற்கு மேலும் ஆகலாம். உள்சாரம் போன பிறகு காது சுருங்காமல் நிற்குமா என்பதுதான் உண்மையான பரீட்சை.

விலா எலும்புப் பக்கமிருந்து குருத்தெலும்பை வெட்டிச் செதுக்கித்தான் இந்தக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் காது செய்கிறார்கள். வேறு வழி வராதா என்று காத்திருக்கும் பெற்றோரும் அந்த எலிப் படத்தைப் பார்க்கிறார்கள். அதனால் இப்படி எந்தப் படம் வந்தாலும் மூன்றைக் கேளுங்கள்: யாருடைய செல்? எந்த உடம்பு? சாரம் கரைந்தபின் எத்தனை காலம் பார்த்தார்கள்?