பூதத்தின் குரலும் பாவையின் கண்ணீரும்

சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூரெடுத்த காதையை நடத்தும்போது மாணவிகளுக்கு ஒரு வேலை கொடுப்பது என் வழக்கம். புகார் நகரத்துத் தெருக்களில் இளங்கோ காட்டும் மனிதர்களை வரிசையாக எழுதி, அவர்களில் பெண்கள் யார் யார் என்று குறித்துவரச் சொல்வேன். ஒருமுறை ஒரு மாணவி வெறும் தாளோடு வந்து நின்றாள். “எல்லாமே ‘அர்’னுதானே மேடம் முடியுது. இதுல பொம்பளைங்க யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்கு அந்தக் கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது.

புகார் ஒரு பெரிய துறைமுக நகரம். கடலை ஒட்டியிருப்பது மருவூர்ப்பாக்கம். உள்ளே தள்ளியிருப்பது அரசனும் அந்தணரும் பெருவணிகரும் வாழும் பட்டினப்பாக்கம். இரண்டுக்கும் நடுவே, நெருங்கி வளர்ந்த மரங்களின் நிழலில் நாளங்காடி எனும் பகல் சந்தை. இந்த இடைநிலத்தை இரு பெருவேந்தரின் படைகளுக்கு நடுவே கிடக்கும் போர்க்களத்துக்கு ஒப்பிடுகிறார் இளங்கோ. கொடுப்பவர் ஓசையும் கொள்பவர் ஓசையும் ஓயாத இடம் அது. நகரத்தின் நடுப்பகுதி என்று நாம் இன்று சொல்வது இதைத்தான்: எல்லோரும் வந்துபோகும் இடம், யாருடைய வீடும் அல்லாத இடம்.

மருவூர்ப்பாக்கத்தின் பட்டியல் நீளமானது. யவனர், சுண்ணமும் சாந்தும் விற்போர், நெய்வோர், பிட்டு விற்கும் காழியர், அப்பம் சுடும் கூவியர், மீன் விற்கும் பரதவர், உப்பு விற்போர், வெற்றிலை விற்போர், தச்சர், கொல்லர், தையற்காரர். இத்தனை பேரில் தொழிற்பெயரைக் கொண்டே பெண் என்று தெரிபவர் ஒரே கூட்டத்தார்: கண்ணொடையாட்டியர், கள் விற்கும் பெண்கள். மற்றவர்கள் எல்லாம் பலர்பால். இருபாலுக்கும் பொதுவான அந்த விகுதியைப் பார்த்ததும் நம் மனம் ஆண்களை வரைந்துகொள்கிறது. அப்பம் சுட்டவர் ஆண்தான் என்று மூலம் எங்கும் சொல்லவில்லை. அப்படிப் படிக்கப் பழகியவர்கள் நாம். அந்த மாணவி கொண்டுவந்த வெறுந்தாள் ஒருவகையில் சரியான விடை.

பட்டினப்பாக்கத்துக்குள் போனால் பெண்கள் தெளிவாகத் தெரிகிறார்கள். காவற்கணிகையர், ஆடற்கூத்தியர், பூவிலை மடந்தையர், ஏவற்சிலதியர். துறைமுகப் பகுதியில் தான் விற்கும் பண்டத்தால் பெயர் பெற்றவள், அரசன் இருக்கும் பகுதியில் பிறருக்குச் செய்யும் பணியால் பெயர் பெறுகிறாள். அதிகாரத்துக்கு அருகே போகப்போகப் பெண்ணின் பெயர் இப்படி மாறுகிறது. இன்றைய நகரங்களையும் இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

அதே காதையில் ஐந்து மன்றங்கள் வருகின்றன. அவற்றில் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று பூதசதுக்கம். நாற்சந்தியில் ஒரு பூதம் கையில் பாசத்தோடு நிற்கிறது. பொய்த்தவம் செய்வோர், மறைவில் நெறி தவறும் அலவற்பெண்டிர், அரசனுக்குக் கேடு சூழும் அமைச்சர், பிறர் மனைவியை விரும்புவோர், பொய்ச்சாட்சி சொல்வோர், புறங்கூறுவோர் ஆகிய ஆறு வகையாரைப் பிடித்து அடித்துத் தின்பேன் என்று நான்கு காதம் கேட்கக் குரலெடுத்துச் சொல்கிறது. மற்றது பாவைமன்றம். அரசனின் கோல் கோணினாலும், அறங்கூறும் அவை ஒருபக்கம் சாய்ந்தாலும், அங்கே நிற்கும் பாவை அழும். நாவால் ஒரு சொல்லும் பேசாது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தனிமனிதரின் ஒழுக்கத்தைக் காவல் காக்கும் பூதத்துக்குக் குரல் இருக்கிறது, பாசம் இருக்கிறது, தண்டிக்கும் உரிமை இருக்கிறது. அரசின் அநீதிக்குச் சாட்சியாகப் பெண்ணுருவில் நிற்கும் பாவைக்குக் கண்ணீர் மட்டும். பூதத்தின் ஆறு வகையில் ஆண்களின் குற்றங்களும் உண்டு என்று ஒருவர் வாதாடலாம். உண்மைதான். ஆனால் மற்ற ஐந்தும் செயலால் பெயர் பெற்றவை. பெண் என்று பால் சுட்டிச் சொல்லப்படுவது ஒன்றுதான். தெருவில் நடக்கும் எந்தப் பெண்ணும் அந்தச் சதுக்கத்தைக் கடக்கும்போது தன் நடத்தையை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்த நகரத்தைக் காப்பியத்தின் இரு தலைவியரும் கடக்கிறார்கள், இருவரும் விடியாத இருளில். கடலாடப் புறப்படும் மாதவி வண்டியில் போகிறாள். கோவலன் கோவேறு கழுதையில். கண்ணகி கணவனோடு காவிரி வாயில் வழியாகக் கால்நடையாக வெளியேறுகிறாள். ஒரு காதம் நடந்ததும் மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். முப்பது காதம் என்று சொல்லிக் கோவலன் சிரிக்கிறான். உரையாசிரியர்கள் இதை அவளுடைய பேதைமை என்று கொண்டாடியிருக்கிறார்கள். எனக்கு இது வேறொன்றாகப் படுகிறது. பன்னாட்டுக் கப்பல்கள் வந்துபோகும் நகரத்தில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு அடுத்த நாட்டின் தலைநகரம் எவ்வளவு தூரம் என்று தெரியவில்லை. அவ்வளவு பெரிய ஊர் அவள் காதுக்கு எட்டாமலே இருந்திருக்கிறது.

அந்தக் கண்ணகிதான் மதுரைத் தெருவில் ஒற்றைச் சிலம்போடு நிற்கிறாள். முதலில் பெண்கள் இருக்கிறார்களா என்று கேட்கிறாள், பிறகு சான்றோர், பிறகு தெய்வம். புகாரின் பாவை வாய் திறந்தது போன்ற இடம் இது. கோல் கோணியதைக் கண்டு பாவை அழ மட்டுமே செய்தது. இவள் அவையில் ஏறி வழக்குரைத்து வெல்கிறாள். தமிழில் பெண் குரலின் வரலாற்றை இங்கிருந்து தொடங்குவதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் அதற்கடுத்த காதையையும் நாம் படிக்க வேண்டும். தீயிடம் யாரையெல்லாம் விட்டுவிடச் சொல்கிறாள்? பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப்பெண்டிர், மூத்தோர், குழந்தைகள். பெண்டிர் என்று பொதுவாகச் சொல்லவில்லை. அலவற்பெண்டிரைப் பிடிக்கும் பூதத்தின் பட்டியலுக்கும் பத்தினிப்பெண்டிரை விடுவிக்கும் கண்ணகியின் பட்டியலுக்கும் அடியில் ஓடுவது ஒரே கணக்கு. பாவைக்கு நாக்கு கிடைத்தது. நாக்கில் வந்த சொல் பூதத்துடையதாக இருந்தது. கண்ணகியைக் கொண்டாடும் பெண்ணியமும் நிராகரிக்கும் பெண்ணியமும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். குரலை வாங்கிக்கொண்டு பட்டியலைத் திருப்பிக் கொடுக்க முடியும் என்று நான் நினைக்கிறேன்.

சென்னைக் கடற்கரையில் 1968இல் வைக்கப்பட்ட கண்ணகி சிலை 2001இல் அகற்றப்பட்டு 2006இல் மீண்டும் நிறுவப்பட்டது. நடுவில் நடந்த வாதங்களில் தமிழ்ப்பண்பு, கற்பு, அரசியல் எல்லாம் பேசப்பட்டன. கடற்கரையில் சுண்டலும் பூவும் விற்கும் பெண்ணுக்கு அந்தச் சிலை என்னவாக இருக்கிறது என்று யாரும் கேட்டதாக நினைவில்லை.

அந்தப் பெண் காப்பியத்திலேயே இருக்கிறாள். மாதவியும் கோவலனும் கடற்கரையை அடையும்போது அங்கே எரியும் விளக்குகளை இளங்கோ ஒவ்வொன்றாக எண்ணுகிறார். சாந்து விற்பவர் விளக்கு, கம்மியர் விளக்கு, காழியர் விளக்கு, மீன் விற்பவர் விளக்கு, வேற்றுமொழி பேசும் அயல்நாட்டார் விளக்கு, கப்பல்களை அழைக்கும் கலங்கரை விளக்கம். அந்த வரிசையில் நொடைநவில் மகடூஉ, அதாவது விலை கூறி விற்கும் பெண், தன் கடையில் ஏற்றிய விளக்கும் இருக்கிறது. வெண்மணலில் விழுந்த வெண்கடுகையும் கண்டெடுக்கலாம் என்னும் அந்த வெளிச்சத்தில் அவளுடைய பங்கும் உண்டு. இங்கே அவள் பத்தினியா, அலவற்பெண்ணா என்று காப்பியம் கேட்கவில்லை. இருட்டில் கடை போட்டிருக்கிறாள், விலை சொல்கிறாள், அவ்வளவுதான்.

கல்லூரி முடிந்து கூட்டங்களுக்குப் போய்த் திரும்பும் இரவுகளில் பாரிமுனையில் பேருந்து மாறுவேன். மொத்தக் கடைகள் ஷட்டரை இறக்கிய பிறகும் நடைபாதையில் ஒரு சார்ஜ் விளக்கை வைத்துக்கொண்டு மல்லிகை அளக்கும் பெண்கள் இருப்பார்கள். “வாம்மா, கடைசி நாலு மொழம், வாங்கிட்டுப் போ” என்பார்கள். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு வியாபாரிகளின் பிரதிநிதிகள்; அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கடை எங்கே போடலாம், எந்த நேரம் போடலாம் என்பதில் அவளும் வாய் திறந்து பேசும் இடம் அது. பாவைமன்றத்தில் இல்லாத நாற்காலி.

இப்போது என் மாணவிகளிடம் பட்டியல் கேட்பதில்லை. விளக்குகளை எண்ணிவரச் சொல்கிறேன். எது யாருடையது என்று பக்கத்தில் எழுதச் சொல்கிறேன்.