ரெட்ரோவின் முதல் பத்து நிமிடம்

மென்பொருள் டீம் முடித்த வேலையைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ கூட்டத்தில் எனக்குப் பிடித்தது, யாரும் வாய் திறக்காத அந்த முதல் 10 நிமிடம். ஆளுக்கொரு ஸ்டிக்கி நோட் கட்டு. சீட்டுக்கு ஒரு விஷயம். பேசவிட்டால் சீனியர் ஆரம்பிப்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். எழுதவிட்டால், புதிதாகச் சேர்ந்த பெண் “டெஸ்ட் ஓடி முடிய 40 நிமிடம், அதனால் யாரும் ஓட்டுவதே இல்லை” என்று போர்டில் ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறாள். பார்த்தால் இன்னும் நாலு சீட்டில் அதே புகார்.

அன்றைக்குத் தெரிந்ததையும் கையில் இருந்ததையும் வைத்து எல்லோரும் முடிந்தவரை நன்றாகவே செய்தார்கள் என்று நம்பித்தான் தொடங்க வேண்டும் என்பார் நார்மன் கெர்த், ரெட்ரோக்களைப் பற்றி 2001இல் வந்த தன் புத்தகத்தில். உபதேசம் மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் சர்வர் படுத்துவிட்ட ராத்திரியைப் பற்றிப் பேசும்போது, “யார் செய்தது?” என்பது “ஏன் அப்படிச் செய்யத் தோன்றியது?” என்று மாறுவது அந்த நம்பிக்கையால்தான்.

ஒரு மாத ஸ்பிரிண்டுக்கு, அதாவது ஒரு மாத வேலைச் சுற்றுக்கு, ரெட்ரோ 3 மணி நேரம் வரை போகலாம் என்கிறது ஸ்க்ரம் வேலைமுறையின் கையேடு. என்னைக் கேட்டால் ஒன்றே போதும். (மேனேஜர் வராவிட்டால் இன்னும் விசேஷம்.) முடிவில் ஓட்டுப் போட்டு ஒரே ஒரு வேலையை எடுத்து, பொறுப்பாளர் பெயரோடு அடுத்த ஸ்பிரிண்டில் ஏற்றிவிட வேண்டும். பத்துத் தீர்மானம் போடும் டீம்களும் உண்டு, அடுத்த கூட்டத்தில் அவர்களுடைய முதல் சீட்டே “போன தடவை போட்டதெல்லாம் என்னாச்சு?” என்றுதான் வரும்.