எட்வர்டின் வலது கை

தண்ணீர் 35 லீற்றர், காபன் 20 கிலோ, அமோனியா 4 லீற்றர், சுண்ணாம்பு ஒன்றரைக் கிலோ, பொஸ்பரஸ் 800 கிராம், உப்பு 250 கிராம். அதற்குமேல் கொஞ்சம் வெடியுப்பு, கந்தகம், இரும்பு. வளர்ந்த மனிதர் ஒருவரின் உடம்பைச் செய்ய இவ்வளவு சாமான் போதும் என்று 11 வயதுப் பையன் ஒருவன் கணக்கெடுத்து வைத்திருக்கிறான். எல்லாமே சந்தையில் கிடைக்கும். சின்னப் பிள்ளையின் கைக்காசிலேயே வாங்கிவிடலாம். தம்பியையும் சேர்த்துக்கொண்டு அவன் வாங்கியும் விட்டான். இறந்துபோன தாயைத் திரும்பக் கொண்டுவரத்தான் இத்தனையும்.

உப்பளம் உள்ள மாவட்டத்துக்காரனுக்கு இந்தப் பட்டியலில் கண் போய் நிற்பது உப்பில்தான். ஒரு தாய்க்குக் கால் கிலோ. மழைக்கு முன்னால் கிடுகு போட்டு மூடிவைக்கும் உப்புக் குவியல்களைப் புத்தளத்தில் பார்த்தவர்கள், ஒரு குவியலுக்கு எத்தனை தாய்மார் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அது எவ்வளவு அபத்தமோ அவ்வளவு அபத்தம் எட்வர்ட் எல்ரிக்கின் கணக்கும். அது அவனுக்கு விளங்குவதற்குள் ஒரு காலும் ஒரு கையும் தம்பியின் முழு உடம்பும் செலவாகிவிடுகின்றன.

ஹிரோமு அரகாவாவின் ‘ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்’ 2001 முதல் 2010 வரை ஜப்பானில் மாத இதழொன்றில் தொடராக வந்தது. 108 அத்தியாயங்கள், 27 தொகுதிகள். இரண்டு முறை அனிமேயாகவும் எடுத்தார்கள். எங்கள் ஊர் மதுரங்குளிப் பையன்களிடம் மங்கா என்று பேச்செடுத்தால் முதலில் வருவது இதுவல்ல. நருட்டோவும் வன் பீஸும்தான். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நீலப் பேனையால் வரைந்திருப்பது நருட்டோவின் நெற்றிப் பட்டையாகத்தான் இருக்கும். நருட்டோவை எனக்கும் பிடிக்கும். தாய் தகப்பன் இல்லாத, ஊரே ஒதுக்கிவைத்த பிள்ளைக்கு ஒரேயொரு வாத்தியார் அன்பு காட்ட, அந்த அன்பில் அவன் நிமிரும் தொடக்கம் நல்ல தொடக்கம். ஆனால் பிற்பாடு எதிரியை அடித்து வீழ்த்திவிட்டு அவன் ஒரு நீண்ட பிரசங்கம் வைப்பான், எதிரியும் மனம் மாறிவிடுவான். வெள்ளிக்கிழமைக் குத்பாவிலேயே இவ்வளவு சுறுக்காக யாரும் மனம் மாறி நான் கண்டதில்லை.

மங்காவை வலமிருந்து இடமாகப் புரட்ட வேண்டும். இது பலருக்கும் ஆரம்பத்தில் தடுமாற்றம் தரும். குர்ஆன் மத்ரசாவில் ஓதிப் பழகிய எங்கள் பிள்ளைகளுக்கு அந்தத் தடுமாற்றம் கிடையாது; புத்தகத்தைக் கையில் கொடுத்தால் பின்னட்டையிலிருந்து தானாகவே தொடங்கிவிடுகிறார்கள்.

சின்ன வயதில் பட்ட அடியிலிருந்து நாயகனைச் செய்வது மங்காவில் பழைய வழக்கம். ஒஸாமு தெசுகா 1952இல் தொடங்கிய அஸ்ட்ரோ போய் கதையிலேயே, செத்துப்போன மகனுக்குப் பதிலாகச் செய்த இயந்திரப் பிள்ளை, மகனைப்போல் வளரவில்லை என்பதற்காக சர்க்கஸுக்கு விற்கப்படுகிறது. பின்னால் வந்தவர்கள் பலர் இதைச் சூத்திரமாக்கிக்கொண்டார்கள். நாயகனுக்குப் பத்து வயதில் ஒரு கொடுமை நடக்கும், அது போதும், அவனுடைய நல்ல குணம் எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிடும். இந்தச் சூத்திரத்தைச் சந்தேகப்பட்டவர் அரகாவா.

எல்ரிக் வீட்டில் நடந்த அந்த இரவை அவர் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதில்லை. கதை நெடுகத் துண்டு துண்டாகத் திரும்பத் திரும்ப வருகிறது. தகப்பன் ஹொஹென்ஹைம் வீட்டைவிட்டுப் போய்விட்டார். தாய் திரிஷா நோயில் இறந்துபோகிறாள். எட்வர்டும் ஒரு வயது இளைய அல்போன்ஸும் தகப்பனின் புத்தகங்களில் ரசவாதம் பழகியவர்கள். இறந்தவரை மீட்பது அந்தக் கலையில் விலக்கப்பட்ட காரியம். பிள்ளைகள் தரையில் வட்டம் கீறுகிறார்கள், விரலை வெட்டி இரத்தம் விடுகிறார்கள். எட்வர்டின் இடது கால் போகிறது. தம்பி முழுதாகவே போகிறான். வட்டத்தின் நடுவில் வந்து கிடப்பதைத் தாய் என்று சொல்ல வாய் வராது. தம்பியின் உயிரையாவது பிடித்து நிறுத்த எட்வர்ட் தன் வலது கையைக் கொடுக்கிறான். வீட்டில் நின்ற இரும்புக் கவசமொன்றின் உள்ளே இரத்தத்தால் முத்திரை எழுதி, அந்த வெற்றுக் கவசத்தில் அவனைக் கட்டிவைக்கிறான்.

இந்த உலகத்தின் சட்டம், ஒன்றைப் பெற அதற்கு ஈடான ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பது. கடைக்காரரின் கடன் கொப்பிபோல் நேர்மையான சட்டம். எட்வர்ட் தன் காயத்தையும் அந்தக் கொப்பியிலேயே எழுதிக்கொள்கிறான்: பிழை செய்தேன், கையும் காலும் கொடுத்தேன், தம்பியின் உடம்பு பாக்கி. காயம் அவனுக்குப் படிப்பித்தது இவ்வளவுதான். கடனை அடைக்கத் துடிக்கிறவன் நல்லவனாக இருப்பான் என்று கட்டாயமில்லை, அவசரக்காரனாக இருப்பான். 12 வயதில் இராணுவத்தின் அரச ரசவாதியாகச் சேர்கிறான். ஓர் ஒக்டோபர் 3ஆம் திகதி தன் வீட்டைத் தானே எரித்துவிட்டு ஊரைவிட்டுக் கிளம்புகிறான். வீடு இருந்தால் மனம் திரும்பிவரச் சொல்லும் என்ற பயம்.

போன கைக்கும் காலுக்கும் பதிலாக எட்வர்டுக்கு இரும்பில் பூட்டுகிறார்கள். தமிழ் வாசகருக்கு இரும்புக் கை புதிதில்லை. 1970களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியும் விபத்தில் கையை இழந்தவர்தான். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்து கை மட்டும் தெரியும். மாயாவிக்குக் கை ஒரு வரம். எட்வர்டின் கை குளிரில் வலியெடுக்கிறது, சண்டையில் நொறுங்குகிறது, அவன் வளர்ந்தால் அதையும் திருத்த வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதைப் பூட்டிக் கொடுத்த வின்ரியிடம் போய், ஏச்சு வாங்கி, இரவிரவாக அவள் வேலை செய்து கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டும். தன் கைக்காக மாயாவிக்கு யாரும் தேவைப்படுவதில்லை. எட்வர்டின் கை அவனைத் தனியாளாக இருக்க விடுவதில்லை. என் பார்வையில் இந்தக் கதையின் அறம் முழுக்க அந்தத் திருத்துவேலைக்குள் இருக்கிறது.

ஸ்காரைப் பார்த்தால் இது விளங்கும். எட்வர்டின் நாட்டுக்குப் பெயர் அமெஸ்ட்ரிஸ். அதன் கிழக்கே இஷ்வால். வேறு நிறம், வேறு மார்க்கம். இராணுவ அதிகாரி ஒருவர் இஷ்வால் குழந்தையொன்றைச் சுட்டதில் தொடங்கிய கலவரம் ஏழு வருடம் நீண்டு, அரச ரசவாதிகளை அனுப்பி இனத்தையே துடைத்தெறியும் கட்டளையில் முடிகிறது. அந்தத் தாக்குதலில் இஷ்வால்காரனான ஸ்காரின் குடும்பம் அழிகிறது, அவனுடைய வலது கையும் போகிறது. அவனுடைய அண்ணன் தன்னுடைய வலது கையைத் தம்பிக்குப் பொருத்திவிட்டு இறந்துபோகிறான்.

தம்பிக்காக வலது கையைக் கொடுத்த அண்ணன் அந்தப் பக்கத்திலும் ஒருவன், இந்தப் பக்கத்திலும் ஒருவன். இழப்பும் பெரிது, அன்பும் பெரிது, இரண்டு வீட்டிலும். ஆனால் எட்வர்ட் யாரையும் கொல்ல மாட்டேன் என்கிறான். ஸ்கார் அரச ரசவாதிகளைத் தேடிப்போய் அண்ணன் தந்த கையால் தலையைப் பிடித்துச் சிதறடிக்கிறான். சின்ன வயதுக் காயமே ஒருவனின் நியாயத்தைத் தீர்மானிக்கும் என்றால் இரண்டு பேரும் ஒரே மாதிரி அல்லவா வந்திருக்க வேண்டும்? வித்தியாசம், கண் விழித்தபோது யார் முகம் தெரிந்தது என்பதில் இருக்கிறது. எட்வர்ட் விழித்தபோது பக்கத்தில் பினாக்கோ கிழவியும் பேத்தி வின்ரியும் இருந்தார்கள். பாட்டியும் பேத்தியுமாக அவனுக்குக் கையும் காலும் பூட்டினார்கள், சமைத்துப் போட்டார்கள். ஸ்கார் விழித்தபோது முன்னால் நின்றவர்கள் அவனுடைய காயத்துக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்த இரண்டு அமெஸ்ட்ரிஸ் வைத்தியர்கள். தன் சனத்தை அழித்தவர்களின் அதே நீலக் கண்கள். தோளில் அண்ணனின் கையைக் கண்டதும் அவனுக்குப் புத்தி பேதலிக்கிறது. இருவரையும் கொல்கிறான். அவர்கள் வின்ரியின் தாயும் தகப்பனும்.

இதைப் படித்துக்கொண்டு மதுரங்குளியில் இருக்கிறவனுக்கு 1990 ஞாபகம் வராமல் போகாது. அந்த ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். வந்தவர்களில் மிகப் பெரும் பகுதி புத்தளம் மாவட்டத்தில்தான் தங்கியது. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்துவிடப்பட்டன, ஊர்க்காரர்கள் சோறாக்கிக் கொடுத்தார்கள், தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. வருடங்கள் போகப்போகத் தண்ணீர், வேலை, பாடசாலை அனுமதி என்று உரசலும் வந்தது. அதை மறைத்து ஊர்ப்பெருமை பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. அன்று எட்வர்டின் வயதில் வந்து இறங்கிய பிள்ளைகள் இன்று நாற்பதுகளின் நடுவில் இருக்கிறார்கள். அவர்களிடம் அந்த நாட்களைக் கேட்டால், வெளியேற்றியவர்களைப் பற்றி ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டு, முதல் இரவு எந்த வீட்டில் சாப்பாடு தந்தார்கள், என்ன கறி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பினாக்கோவின் சமையலறையை நான் அந்தப் பேச்சோடு சேர்த்துத்தான் வாசிக்கிறேன்.

அரகாவா இந்த ஒப்பீட்டை வாயால் சொல்வதில்லை, படத்தில் வைக்கிறார். தலைநகரத்துத் தெருவில் எல்ரிக் சகோதரர்கள் ஸ்காரோடு மோதிக்கொண்டிருக்கும்போது, தன் பெற்றோரைக் கொன்றவன் இவன்தான் என்பது வின்ரியின் காதில் விழுகிறது. நிலத்தில் கிடந்த துப்பாக்கியை எடுத்து ஸ்காரைக் குறிபார்க்கிறாள். சுட மனம் துணியவில்லை, இறக்கவும் முடியவில்லை. ஸ்கார் அவளை நோக்கி வருகிறான். எட்வர்ட் ஓடிவந்து நடுவில் விழுந்து, ஸ்காருக்கு முதுகைக் கொடுத்து அவளை மறைத்துக்கொள்கிறான். அடுத்த கட்டத்தில் ஸ்காரின் கண்ணுக்குத் தெரிவது எட்வர்ட் அல்ல. தன்னை மறைத்துக்கொண்டு நின்ற அண்ணன். ஓங்கிய கை ஒரு கணம் அந்தரத்தில் நிற்கிறது. அந்த ஒரு கணத்தில் இரண்டு சகோதரக் கதைகளும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்ததுபோல் பொருந்திவிடுகின்றன. வசனம் இல்லாமலே.

பிறகு எட்வர்ட் துப்பாக்கியில் இறுகிப்போன அவள் விரல்களை மெல்லப் பிரித்தெடுக்கிறான். இந்தக் கைகள் எனக்கு எழுந்து நிற்கக் கையும் காலும் தந்தவை, பிரசவம் பார்த்துப் பிள்ளையை வெளியில் எடுத்தவை, கொல்லும் கைகளாக இவை ஆகக் கூடாது என்ற கருத்தில் பேசுகிறான். அரகாவாவின் பாத்திரங்களுக்கு விரல்கள் தடிப்பாக, மூட்டுத் தெரிய, வேலை செய்து பழகிய விரல்களாக இருக்கும். அவர் ஹொக்கைடோவின் பால்பண்ணைக் குடும்பத்தில் 1973இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் முடித்து ஏழு வருடம் பண்ணையில் மாடு பார்த்தவர். தன்னை வரையும்போது கண்ணாடி போட்ட பசுவாக வரைகிறவர். கன்று இழுத்துப் பிரசவம் பார்த்த வீட்டுப்பிள்ளைக்குத்தான் கையை இப்படி வரைய வரும் என்று தோன்றுகிறது. அவருடைய முன்னோர் ஐனு பழங்குடிகளின் நிலத்தில் போய்க் குடியேறியவர்கள். இஷ்வாலை எழுதும்போது அதையும் மனதில் வைத்திருந்தார், போருக்குப் போய்வந்த முதியவர்களையும் சந்தித்துப் பேசினார்.

எட்வர்டின் கொல்லாமை கறையே இல்லாத கொல்லாமை அல்ல. தம்பியை மீட்கத் தேடித் திரிந்த ஞானக்கல் உயிருள்ள மனிதர்களை உருக்கிச் செய்வது என்று தெரிந்ததும் வேண்டாம் என்கிறான். ஆனால் தப்பிக்க வேறு வழியில்லாத ஓரிடத்தில், கல்லுக்குள் அடைபட்ட உயிர்களை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பயன்படுத்தவும் செய்கிறான். நீனா என்ற சிறுமியை அவளுடைய தகப்பனே நாயோடு சேர்த்து மிருகமாக்கியபோது, அவனால் தகப்பனை அடிக்கத்தான் முடிந்தது. கொள்கை அவனிடம் பிறவியிலேயே இருந்ததில்லை. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது.

அந்த ஒருவர் எப்போதும் இனிமையாகப் பேசுவதில்லை. உன் நினைவுகளே உன் அண்ணன் இட்டுக்கட்டியவைதானோ என்று ஒருவன் விதைத்த சந்தேகத்தில் அல்போன்ஸ் அண்ணனோடு கொதித்துப்போகிறான். வின்ரி அழுதுகொண்டே ஸ்பேனரால் அவன் இரும்புத் தலையில் ஒன்று போடுகிறாள். எட்வர்ட் இத்தனை நாளும் கேட்கப் பயந்த கேள்வி, தம்பி தன்னை வெறுக்கிறானா என்பதுதான் என்று அவள் சொல்லித்தான் அவனுக்குத் தெரியவருகிறது. தமிழ்க் குடும்பக் கதைகளில் இதற்கு மூன்று பக்கக் கண்ணீர் வசனம் எழுதியிருப்பார்கள்.

கதையின் பிற்பகுதியில், சுரங்க நகரமொன்றில், காயப்பட்ட ஸ்காரின் கைக்கு வின்ரி கட்டுப்போடுகிறாள். மன்னிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே போடுகிறாள். தாயும் தகப்பனும் இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பார்கள் என்பது மட்டுமே அவளுக்குக் காரணம். எனக்கு இந்தத் தொடரின் உச்சம் இதுதான், கடைசிப் போர் அல்ல. மன்னிப்பையும் மருந்தையும் அவள் தனித்தனியாக வைத்துவிட்டாள். இதன் பலன் தொலைவில் போய்ப் பிடிக்கிறது: நண்பனைக் கொன்றவனைப் பழிவாங்கும் வெறியில் கர்னல் ரோய் மஸ்டாங் நிற்கும்போது, தடுத்து நின்று பேசுகிறவர்களில் ஸ்காரும் ஒருவன்.

முடிவைச் சொல்லாமல் இந்தக் கதையை ரசித்துத் தீராது. படிக்கப்போகிறவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம். கடைசிச் சண்டையில் அல்போன்ஸ் தன் உயிரைக் கொடுத்து அண்ணனின் வலது கையைத் திருப்பி அனுப்புகிறான். இனி அவனை மீட்க எதைக் கொடுப்பது? தகப்பன் தன் உயிரைத் தருகிறேன் என்கிறார், எட்வர்ட் கத்தி ஏசி மறுக்கிறான். ரசவாதம் செய்யும் ஆற்றலையே மொத்தமாகக் கொடுத்துவிட்டுத் தம்பியைக் கூட்டிவருகிறான். இடது காலை மட்டும் அரகாவா திருப்பித் தரவில்லை. தாயைத் தேடிப்போன இரவில் போனது போனதுதான். வின்ரிக்கும் திருத்துவேலை மிச்சம் இருக்கிறது.

இரண்டு வருடம் கழித்துச் சகோதரர்கள் புதுக் கணக்கொன்று வைத்திருக்கிறார்கள். பத்து வாங்கினால் தன் பங்காக ஒன்று சேர்த்துப் பதினொன்றாக அடுத்தவருக்குக் கொடுப்பது. பேச்சுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் மதுரங்குளி ஸ்டேஷன்போலச் சின்னதொரு ஸ்டேஷனில் வின்ரியிடம் கல்யாணம் பேசும் நேரத்தில் எட்வர்டின் வாயில் வருவது பழைய கணக்கேதான்: என் வாழ்க்கையில் பாதி உனக்கு, உன்னுடையதில் பாதி எனக்கு. வின்ரி முழுதையுமே தருகிறேன் என்று சொல்லிவிட்டாள். பிறகு வெட்கம் வந்து, தொண்ணூறு, எண்பது என்று குறைத்து, அது குறைவாகப் பட்டுத் திரும்ப ஏற்றி, ஒருவழியாக 85 சதவீதத்தில் வந்து நின்றாள். எட்வர்டுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.