சார்த்ருப் பேராலயத்தில் ஒளியும் புகையும்

பாரிசு மாநகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சார்த்ரு நகர். அங்குள்ள கத்தோலிக்கப் பேராலயத்தைக் காணச் செல்வோர் ஒரு கருத்துப்போரையும் உடன் காண்பர். 2009ஆம் ஆண்டளவில் தொடங்கிய உட்புறத் திருப்பணி, மெழுகுத்திரிப் புகையும் தூசியும் படிந்து கறுத்திருந்த சுவர்களைத் துலக்கி வெளிர்மஞ்சள் நிறத்திற்குக் கொணர்ந்தது. பழமையின் பொலிவு பறிபோயிற்று எனக் கலை அறிஞர் சிலர் கண்டித்தனர். யானும் அவ்வெண்ணத்தோடுதான் சென்றேன். நூல்களில் கண்ட படங்களெல்லாம் இருளையே காட்டியிருந்தன.

1194இல் மூண்ட தீயில் முந்தைய ஆலயத்தின் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சியவற்றுள் ஒன்று மேற்கு முகப்பின் மூன்று வாயில்கள். அவற்றுள் வலப்புற வாயிலின் வளைவில் ஏழு கலைகளும் சிற்பங்களாக உள்ளன. இலக்கணம் ஒரு பெண்; கையில் பிரம்பும் நூலும், காலடியில் இரு மாணவர். நம் ஆசிரியர்கள் அதனைக் கண்டால் புன்னகையின்றி நகரார்!

தீக்குப்பின் எழுந்த ஆலயம் 1260இல் நேர்ந்தளிக்கப்பெற்றது. ஏறத்தாழ 37 மீட்டர் உயரமுள்ள கல்விதானம் புறந்தள்ளும் விசையை, வெளியே நிறுத்திய தாங்கு வளைவுகள் ஏற்றன. சுவர் பாரந்தாங்கும் கடமையினின்று விடுபடவே, அவ்விடங்களில் பெருஞ்சாளரங்கள் திறந்தன. அவற்றின் வண்ணக் கண்ணாடியில் விவிலியக் கதைகள் மேலே விரிய, அடியில் அப்பம் சுடுவோரும் செருப்புத் தைப்போரும் தத்தம் தொழிலில் ஈடுபட்டிருக்கக் காண்கிறோம். தீயினின்று தப்பிய 12ஆம் நூற்றாண்டு நீல மாதாவின் முன் நெடுநேரம் நின்றேன். அந்நீலத்திற்கு ஈடாக வேறொன்றை யான் கண்டதில்லை.

ஒளியை உள்ளே அழைக்க இத்துணைப் பாடுபட்டவர்கள் இருட்சுவரை விரும்பியிருப்பரோ? அழுக்கின் அடியில் வெளிப்பட்டது 13ஆம் நூற்றாண்டுப் பூச்சேயாம்: மஞ்சட்காவி நிலத்தில் வெண்கோடுகளால் கல்லிணைப்பு வரைந்த பூச்சு. நாம் பழமையெனப் போற்றியது பிற்காலப் புகையைத்தான். எதிர்ப்போர் கூற்றிலும் உண்மை இல்லாமலில்லை. கருஞ்சுவரின் நடுவே கண்ணாடி தழலாய்த் தோன்றும். வெளிர்சுவரின் அருகே, நண்பகலில், அத்தழல் சற்றே தணிகிறது. எனினும் தூண்களின் ஒழுங்கும் விதானத்தின் விலாவளைவுகளும் இன்றே முழுதும் புலப்படுகின்றன. கட்டடத்தை அறிய விழைவோர்க்கு இப்பேறு பெரிதென்பது என் துணிபு.

ஆனால் தூண்மாதா எனும் 16ஆம் நூற்றாண்டு மரச்சிலைக்குச் செய்ததை யான் ஏற்கவில்லை. அதன் முகம் கறுத்துப் போயிருந்தது. கருமாதா என்றே அடியார் பல தலைமுறையாக வணங்கினர். திருப்பணியினர் அம்முகத்திற்கு வெண்ணிறம் தீட்டிவிட்டனர். முதல்நிறம் அதுவே என்பது அவர்தம் வாதம். சுவருக்கு அவ்வாதம் போதும். மக்கள் முகம் பார்த்து மன்றாடிய திருவுருவத்திற்குப் போதாது. அந்த ஒரு முகத்தையேனும் கருமையோடு விட்டிருக்கலாம்.