சக்தி: ஒருவரையொருவர் கேட்ட இசை

கீரிமலைக் கேணிக்கரையில் ஒரு மாலை, நண்பரின் கைப்பேசியில் 'சக்தி' குழுவின் முதல் இசைத்தட்டை மீண்டும் முழுமையாகக் கேட்கக் கிடைத்தது. 1975 ஜூலை 5இல் நியூயோர்க் மாநிலத்தின் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் ரசிகர் முன்னிலையில் பதிவான கச்சேரி, 1976இல் வெளிவந்தது. மகாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ரா என்ற ரொக் குழுவில் மின்கிற்றாரால் அதிரவைத்த ஜோன் மெக்லாக்லின் இங்கே அகூஸ்டிக் கிற்றாரோடு அமர்கிறார். கூடவே எல். சங்கரின் வயலின், ஸாகிர் ஹுஸைனின் தபேலா, விக்கு விநாயக்ராமின் கடம், ராம்நாட் ராகவனின் மிருதங்கம்.

வேகமே இக்கச்சேரியின் பெருமை என்பார்கள். அது பாதி உண்மை. 18 நிமிட முதல் உருப்படியில் கிற்றாரும் வயலினும் சில இடங்களில் வெறும் ஓட்டப்பந்தயமாகிவிடுகின்றன. அடுத்து வரும், ஐந்து நிமிடத்துக்கும் குறைந்த மெதுவான உருப்படியிலோ எவரும் தன் திறமையைக் காட்ட முயலவில்லை. ஒருவர் பேச மற்றவர் வழிவிடுகிறார். கடைசி உருப்படியின் 29 நிமிடங்களும் நிற்பது இந்தக் கேட்கும் பண்பில்தான். கோயில் திருவிழாக்களில் விடியவிடிய மேளச்சமா கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்துக் காதுகளுக்கு இது அந்நியமல்ல.

சங்கரின் பால்யமும் இம்மண்ணில்தான். தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958 இனக்கலவரத்தின் பின் அக்குடும்பம் இந்தியா திரும்பியது; சங்கருக்கு அப்போது எட்டு வயது. மேடையில் ஐவரும் ஒருவரையொருவர் கேட்டார்கள். கேட்க மறுத்த நாடு ஓர் இசை வீட்டை இழந்தது. இந்தத் தட்டை வெறும் வியப்போடு கேட்டு முடிக்க என்னால் இயலாதது அதனால்தான்.